எல்லாப் புக்மார்க்கும் ஒரே மாலையில் காணாமல் போன கதை – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தாம்பரம் லோக்கல்

நண்பர்களே, போன மாதம் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களும் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வேலை மாறினேன். கடைசி நாளன்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு வருடம் அதில்தான் என் குடித்தனமே. குரோமில் என் சொந்தக் கணக்கில்தான் உள்ளே நுழைந்திருந்தேன். வீட்டு லேப்டாப், போன், அப்பாவின் பழைய டெஸ்க்டாப் எல்லாவற்றிலும் அதே கணக்கு, எல்லாவற்றிலும் சிங்க். எங்கே எதைக் குறித்து வைத்தாலும் எல்லா இடத்திலும் வந்து நிற்கும். அந்தச் சௌகரியத்தில் ஊறிப்போய், அது எப்படி நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த லேப்டாப் அடுத்து யார் கைக்குப் போகுமோ, நம் சங்கதி அதில் எதற்கு என்று புக்மார்க் மேனேஜரைத் திறந்தேன். வங்கி, பிஎஃப், பையனின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மூட்டு வலிக்காகத் தேடியவை, செய்யவே செய்யாத 200 சமையல் குறிப்புகள். ஃபோல்டர் ஃபோல்டராக டெலீட் செய்தேன். வீட்டைக் காலி செய்யும்போது கடைசியாக ஒருமுறை பெருக்குவோமே, அந்தத் திருப்தி. பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வரிசையைக் கவனித்தீர்களா? துடைத்தது முதலில், வெளியேறியது இரண்டாவது.

கிண்டியில் ரயில் ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது. ரீசார்ஜ் செய்யலாம் என்று போனில் புக்மார்க்கைத் திறந்தால் வெறுமை. நெட் சரியில்லை போல என்று மூடித் திறந்தேன். பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூடித் திறந்தேன். விஷயம் மண்டையில் உறைத்தபோது வண்டி எங்கே நின்றுகொண்டிருந்தது தெரியுமா? குரோம்பேட்டையில். சத்தியமாக.

நான் அழித்ததை லேப்டாப் உடனே சர்வருக்குச் சொல்லியிருக்கிறது, சர்வர் போனுக்குச் சொல்லியிருக்கிறது. சேர்ப்பதை எவ்வளவு விசுவாசமாகக் கொண்டுபோகிறதோ, அதே விசுவாசத்தோடு அழிப்பதையும் கொண்டுபோகும். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வீட்டு லேப்டாப்பும் காலி. அப்போதுதான் அப்பாவின் டெஸ்க்டாப் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்குப் பிறகு யாரும் அதை ஆன் செய்யவில்லை. பட்டனை அழுத்தப் போன கையை இழுத்துக்கொண்டேன். நெட் கிடைத்தால் அதற்கும் செய்தி போய்விடுமே! மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் லேன் வயரைத் தேடினேன். கிளிப் உடைந்து பல நாள் ஆன வயர். தொட்டால் கழன்றுவிடுகிறது என்று அப்பா அதைச் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். டேப்பைப் பிய்த்து வயரை உருவிய பிறகுதான் கணினியை ஆன் செய்தேன்.

குரோம் திறந்தது. மேலே பட்டையில் எல்லா ஐகானும் வரிசையாக நின்றன. உடனே எச்டிஎம்எல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போட்டேன். நம்பிக்கை வராமல் பயனர் ஃபோல்டருக்குள் நுழைந்து, 'புக்மார்க்ஸ்' என்ற பெயரில் வால் எதுவும் இல்லாமல் கிடக்கும் மூலக் கோப்பையும் நகல் எடுத்தேன். பிறகு வேண்டுமென்றே வயரைத் திரும்பச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் பட்டை மொத்தமாக வெறுமையானது. பின்னால் நின்ற அப்பா, "என்னடா பண்ணின அதை?" என்றார். பென் டிரைவிலிருந்து இம்போர்ட் செய்ததும் மூன்று இடத்திலும் திரும்ப வந்துவிட்டன. தீபாவளிக்குப் பிறகு சேர்த்தவை போனவை போனவைதான்.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

சும்மா வந்தவன்

நான் எல்லா லிங்கையும் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன். பிரச்சினை முடிந்தது.

பழைய சென்டர்காரர்

தம்பி, தேடி எடுக்க வேண்டிய அன்றைக்கு இதே இடத்துக்கு வந்து சொல்லுங்கள்.

நான் 2001 முதல் காரைக்குடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு மெஷின். அப்போதெல்லாம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான், அதில் புக்மார்க்குக்கு 'ஃபேவரிட்ஸ்' என்று பெயர். எட்டு மெஷினிலும் எட்டு விதமான ஃபேவரிட்ஸ். இன்ஜினீயரிங் பையன்கள் வந்தால் "அண்ணே, நாலாம் நம்பர் காலியா?" என்று கேட்டுத்தான் உட்காருவார்கள். அவர்களுடைய லிங்க் எல்லாம் அதில்தான் கிடக்கும். நாலாம் நம்பரில் ஆள் இருந்தால் அரை மணி நேரம் வாசலிலேயே நிற்பார்கள். பக்கத்து மெஷின் சும்மாதான் இருக்கும், அது வேண்டாம்.

எக்ஸ்புளோரரில் ஒவ்வொரு ஃபேவரிட்டும் தனித்தனிச் சின்னக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் உள்ளே முகவரி இருக்கும், அவ்வளவுதான். அதை ஃபிளாப்பியில் எடுத்துப் போக ஒரு பையன் வந்தான். 1.44 எம்பி ஃபிளாப்பி, கோப்புகள் எல்லாம் துக்கடா. ஆனால் பாதி காப்பி ஆவதற்குள் இடமில்லை என்று நின்றுவிட்டது. ஃபிளாப்பியைப் பார்த்தால் முக்கால்வாசி காலி! வேறு ஃபிளாப்பி போட்டேன், அதிலும் அதே கதை. ஃபிளாப்பியே மட்டம் என்று பையன் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டான். ஃபிளாப்பியின் முதல் அடுக்கில் 224 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு, நீளமான பெயர் ஒன்றே மூன்று நான்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தால் அந்தத் தடை கிடையாது. அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஃபிளாப்பி காசு தனி.

சிங்க் என்றீர்களே, அதையும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன் எட்டு மெஷின் ஃபேவரிட்ஸையும் ஒன்றாகக் கொட்டி, திரும்ப எட்டிலும் போடுவேன். இனி யாரும் நாலாம் நம்பருக்காக நிற்க வேண்டாம் என்று பெருமை வேறு. இரண்டாம் வாரமே ஒருவர் கோபமாக வந்தார். அவர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் எட்டு மெஷினிலும் இருக்கின்றன, அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தது அவருடைய பங்காளி வீட்டுப் பையன். விஷயம் ஊருக்குள் போய்விட்டது. அன்றோடு என் சிங்க் சேவை முடிந்தது.

இரவு ஷிப்ட்

அண்ணா, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது.

தாம்பரம் நண்பருக்கு ஒரு தகவல்: குரோம் புக்மார்க் மேனேஜரில் அழித்த கையோடு கண்ட்ரோல்–இசட் அழுத்தினால் திரும்ப வரும். பிரவுசரை மூடாமல் இருந்தால் மட்டுமே. ரயில் ஏறிய பிறகு உதவாது.

நான் இந்த விஷயத்தில் பழைய பாவி. கூகுளே 2006இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு ஒரு சிங்க் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) கொடுத்தது, 2008இல் நிறுத்தியது. புக்மார்க்குகளை இணையத்திலேயே சேமிக்கும் டெலிஷியஸில் இருந்தேன். 2003இல் தொடங்கிய தளம், 2005 கடைசியில் யாஹூ வாங்கியது, பிறகு கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்டு என்ற இன்னொரு புக்மார்க் தளத்திடம் போய்ச் சேர்ந்து, பார்க்க மட்டும் முடிகிற தளமாக நின்றது. எக்ஸ்மார்க்ஸ் என்ற சிங்க் சேவையில் இருந்தேன், அது 2018 மே மாதம் மூடியது. இவ்வளவு கடைகள் மூடியும் எனக்கு ஒரு லிங்க்கூடப் போகவில்லை. ஒவ்வொன்றும் முன்கூட்டியே சொன்னது, நானும் எடுத்து வைத்துக்கொண்டேன். கெட்டது என் பேராசையால்தான்.

ஒரு காலத்தில் ஃபயர்பாக்ஸும் குரோமும் இரண்டும் வைத்திருந்தேன். இரண்டுக்கும் இடையில் புக்மார்க் ஓட ஒரு நீட்சி. அது போதாதென்று பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சிங்க்கையும் ஆன் செய்தேன், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்று. 600 புக்மார்க் இருந்தது. மறுநாள் 1,200. ஏதோ கணக்குப் பிழை என்று விட்டுவிட்டேன். அப்புறம் 2,400. ஒருவர் கொண்டுவந்து வைத்ததை இன்னொருவர் புதுச் சரக்கு என்று நினைத்து மறுபடி ஏற்றுகிறார். மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குழம்பில் உப்புப் போட்ட மாதிரி. 19,200 ஆனபோது பட்டையைத் தொட்டாலே பிரவுசர் உறைந்துவிடும். நகல்களை அழிக்க ஒரு கருவி போட்டேன். இங்கே அழித்தால் அங்கே இருப்பவர் அக்கறையாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். கடைசியில் எல்லா மெஷினிலும் இரண்டையும் நிறுத்தி, ஒரே இடத்தில் சுத்தம் செய்து, ஒரே ஒரு சிங்க்கை மட்டும் ஆன் செய்தேன்.

இப்போது வெவ்வேறு பிரவுசர்களுக்கு இடையே ஃப்ளோக்கஸ் என்ற திறமூல நீட்சி. கோப்பு என் சொந்த சர்வரில், நெக்ஸ்ட்கிளவுட் என்ற சேமிப்பு மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். சொந்த சர்வர் என்பது மாடு வளர்ப்பது போல, லீவு கிடையாது.

ஏடும் எழுத்தும்

நான் தமிழ் ஆய்வு மாணவி, கணினிக்காரி இல்லை. என் கதை கடவுச்சொல் கதை.

ஃபயர்பாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கணினி, விடுதியில் என் லேப்டாப். லேப்டாப்பின் வன்தட்டு போயிற்று. கடையில் புதிதாகப் போட்டு வாங்கி வந்து கணக்கில் நுழையப் பார்த்தால் கடவுச்சொல் மறந்துவிட்டது. அது என் தவறுதான், எங்கும் எழுதி வைக்கவில்லை. மறந்தால் என்ன, மின்னஞ்சல் வழியாக மாற்றிக்கொள்ளலாம் என்று மாற்றினேன். உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கில் கடவுச்சொல்தான் பூட்டின் சாவிக்கே மூலம், நம் தகவலை ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவால்கூடப் படிக்க முடியாது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மீட்புச் சாவியை முன்பே எடுத்து வைக்காமல் கடவுச்சொல்லை மாற்றினால் சர்வரில் இருந்தது போய்விடும். சொந்தக்காரனாலும் திறக்க முடியாத பூட்டு பாதுகாப்பு என்பது புத்திக்குப் புரிகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

நூலகக் கணினி காப்பாற்றியது. ஃபயர்பாக்ஸ் தானாகவே தேதி போட்டுப் புக்மார்க் பேக்கப்களை எடுத்து வைக்கிறது. பயனர் ஃபோல்டருக்குள் 'புக்மார்க்பேக்கப்ஸ்' என்று தனி ஃபோல்டர், வழக்கமாகப் பதினைந்து கோப்புகள் வரை. கோப்பின் பெயரிலேயே தேதியும் எத்தனை புக்மார்க் என்ற எண்ணும் இருக்கும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 812, 812, 815, 815. அந்த 815ஐப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

கிடைத்ததைத் திறந்து பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. பழைய தளங்கள் சில யூனிகோடுக்கு முந்தியவை, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதியவை. பக்கத்துக்குள் எழுத்துரு போட்டுத் தமிழாகக் காட்டிவிடலாம், தலைப்புப் பட்டையில் முடியாது. அதனால் என் பட்டியலில் அவற்றின் பெயரெல்லாம் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். எது எந்த நூல் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பொங்குதமிழ் என்ற யூனிகோடு மாற்றியில் போட்டுப் பெயரைத் தமிழில் எழுதி வைத்தேன். அப்படி உட்கார்ந்து சொடுக்கிப் பார்த்ததில் நிறையப் பக்கங்கள் இப்போது இல்லவே இல்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையதளச் சேவையில் இருந்தவை 2009இலேயே போனவை. முகவரியை மட்டும் நான் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன், ஆள் குடிபோய்விட்டார். சிலவற்றைப் பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பிடித்தேன். இப்போது முக்கியமான பக்கம் என்றால் புக்மார்க் போடும்போதே அங்கேயும் ஒரு நகல் சேமித்துவிடுகிறேன்.

சும்மா வந்தவன்

வாட்ஸ்அப்பில் போய் ஒரு லிங்க்கைத் தேடினேன். நாற்பது நிமிடமாகத் தேடுகிறேன். சென்டர் அண்ணன் சொன்னது சரி.

தாம்பரம் லோக்கல்

எல்லோருக்கும் நன்றி. மேடம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவியின் ஃபயர்பாக்ஸ் கணக்குக்கு மீட்புச் சாவி எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன், கேஸ் புத்தகத்துக்குள்.

மாதம் முதல் தேதி எச்டிஎம்எல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பால் கணக்கு முடிக்கும்போதே இதையும் முடித்துவிடுவேன். நேற்று அந்தக் கோப்பை நோட்பேடில் சும்மா திறந்து பார்த்தேன். சென்டர் அண்ணா, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். குரோம் எழுதிய கோப்பு அது. முதல் வரியில் என்ன பெயர் இருக்கிறது தெரியுமா? நெட்ஸ்கேப், அந்தக் காலத்து பிரவுசர். ஃபயர்பாக்ஸ் கோப்பிலும் அதேதான்.

பழைய சென்டர்காரர்

2008 மார்ச்சிலேயே அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டார்களே தம்பி! என் கடையில் மூன்றாம் நம்பரில் மட்டும் போட்டு வைத்திருந்தேன். யாரும் உட்காரமாட்டார்கள்.