கலைச்சொல் விவாதம்: படம் ‘மங்கல்’ என்பதற்கு மாற்று

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாளுக்கொரு படம் என்று ஓராண்டு எடுக்கப் புறப்படும் புதியவர்களுக்காக நாம் தொகுத்துவரும் கையேட்டில், ‘ஷார்ப்னெஸ்’ என்பதைக் கூர்மை என்பதா, தெளிவு என்பதா, துல்லியம் என்பதா என்று இரண்டு வாரமாக மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. கூர்மையே போதும் என்பது என் கருத்து. துல்லியம் அளவையைச் சேர்ந்த சொல். தெளிவு என்றால் வெளிச்சமும் நிறமும் புள்ளியில்லாமையும் உள்ளே வந்துவிடும். கத்திக்கு உரிய சொல்லைப் படத்துக்குச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அறிவுக்கும் பார்வைக்கும் அதையே தயங்காமல் சொல்கிறோம். நமக்குச் சொல் போதாமல் இருப்பது கூர்மை கெடும் இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இந்த மடல் அதைப் பற்றியது.

என் தங்கை மகன் நாளொரு படம் எடுக்கத் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள், இரவு விளக்கொளியில் என் அம்மா ஊசியில் நூல் கோப்பதைப் படமெடுத்து அனுப்பினான். ஊசி சரியாகத் தெரியவில்லை. “படம் மங்கலாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினேன். மறுநாள் அதே காட்சியை மீண்டும் எடுத்து அனுப்பினான். இப்போது வெளிச்சம் நிறைய இருந்தது, ஊசி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/60 நொடியிலிருந்து 1/15 நொடிக்கு இறக்கியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்கள்தானே மாமா மங்கல் என்றீர்கள்? வெளிச்சத்தைக் கூட்டினேன்” என்றான்.

அவன் மேல் தவறில்லை. விளக்கு மங்கலாக எரிகிறது, மாலை மங்குகிறது, நிறம் மங்கிவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல் ஒளி குறைவதையே குறிக்கிறது. ஒளி குறைந்தால் கூட்ட வேண்டும்; கூட்டுவதற்கு அவனுக்குத் தெரிந்த வழி ஷட்டரை மெதுவாக்குவது; ஷட்டர் மெதுவானால் கையின் நடுக்கம் அத்தனையும் படத்தில் பதியும். நான் சொன்ன சொல்லே படத்தை மேலும் கெடுத்துவிட்டது. ஆகவே கையேட்டில் ‘பிளர்’ என்பதற்கு மங்கல் வேண்டாம், கலங்கல் என்று வைக்கலாம் என முன்மொழிகிறேன். தெளிந்த நீருக்கு மறுதலை கலங்கிய நீர். கண் கலங்கும்போது எதிரே இருக்கும் விளக்கின் ஒளி குறைவதில்லை, அதன் விளிம்பு மட்டும் கரைகிறது. நாம் சொல்ல விரும்புவதும் அதுதான்.

கலங்கலுக்குள் மூன்று வகை வேண்டும். அவற்றுக்குப் பெயர் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. படமெடுப்பவர் எதிரே நிற்பவரிடம் காலங்காலமாகச் சொல்லிவந்தது “ஆடாமல் அசையாமல் நில்லுங்கள்” என்பதே. அந்த இணையைப் பிரித்து, கேமரா ஆடுவதால் வருவதை ஆட்டக் கலங்கல் என்றும், எடுக்கப்படும் பொருள் அசைவதால் வருவதை அசைவுக் கலங்கல் என்றும், குவியம் (ஃபோகஸ்) வேறிடத்தில் விழுவதால் வருவதைக் குவியக் கலங்கல் என்றும் சொல்லலாம்.

மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தால் பரிகாரமும் ஒன்றே என்று புதியவர் எண்ணிவிடுவார். ஊசிப் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி முனை, மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் விழுந்த ஒளிப்பொட்டு, பின்னால் இருந்த கதவின் தாழ்ப்பாள் மூன்றுமே கீழ்நோக்கிச் சற்றே வலப்புறம் சாய்ந்த சிறு காற்புள்ளிகளாக இழுபட்டிருந்தன. சட்டகம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கேமராதான். கதவு கூர்மையாக இருந்து விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் அது அசைவு. எதுவுமே இழுபடாமல், ஊசி பஞ்சுபோல் விரிந்து, பின்னாலிருக்கும் தாழ்ப்பாள் மட்டும் திருத்தமாக இருந்தால் குவியம் தாழ்ப்பாளில் விழுந்திருக்கிறது.

பரிகாரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வில்லையின் (லென்ஸ்) குவியத் தூரம் 50 மி.மீ. என்றால் ஷட்டர் 1/50 நொடிக்கு மேல் நீளக்கூடாது. ஒளியைப் பதியும் உணரி (சென்சர்) 35 மி.மீ. பிலிமைவிடச் சிறியதாக இருந்தால், எத்தனை மடங்கு சிறியது என்று சொல்லும் பெருக்கெண்ணால் குவியத் தூரத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவனுடைய வில்லை 55 மி.மீ., பெருக்கெண் 1.5, ஆகவே 1/80 நொடி தேவை, அவன் வைத்ததோ 1/15. உணரியின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400-ஐ 3200-க்கு உயர்த்தியிருந்தால் அதே விளக்கில் 1/120 நொடி கிடைத்திருக்கும். மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும், ஆனால் புள்ளியைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், ஆட்டத்தை எடுக்க முடியாது. முழங்கையை விலாவோடு ஒட்டுவது, கேமராவை மேசைமேல் வைத்து இரண்டு நொடித் தாமதத்தில் எடுப்பது, தொடர்ந்து மூன்று படம் எடுத்து நடுப்படத்தைப் பார்ப்பது எல்லாம் ஆட்டத்துக்கு மருந்து. (பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும்தான் கை அதிகம் அசைகிறது.) இவற்றில் எதுவும் அசைவுக்கு உதவாது, கேமராவுக்குள் இருக்கும் நிலைப்படுத்திகூட அங்கே கைகொடுக்காது. குழந்தை ஓடினால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே முக்கிய வழி.

காரணத்துக்கொரு பெயர் வைப்பதை ஜப்பானியர்கள் முன்பே செய்துவிட்டார்கள். குவியம் தவறியது ‘பின்பொக்கே’, கை ஆடியது ‘தெபுரே’. ‘தெ’ என்றால் கை. பொருள் அசைந்ததற்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அங்கே பெயரைச் சொன்ன உடனே நோயும் சொல்லப்பட்டுவிடுகிறது. உலகம் அவர்களிடமிருந்து ‘பொக்கே’ என்ற பாதியை மட்டும், பின்புலம் கரையும் அழகைச் சொல்வதற்காக எடுத்துக்கொண்டது வேடிக்கைதான்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

•

மறுமொழி:

ஐயா, வணக்கம். மங்கல் வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. மற்றதில் சில தடைகள்.

முதலாவது, கலங்கல் என்பது ஏரியில் நிரம்பி வழியும் நீர் வெளியேறும் இடத்துக்கும் பெயர். அதை இடம்நோக்கிப் பொருள்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் குவியக் கலங்கல் என்பதை ஏற்க முடியவில்லை. குவியம் தவறிய படத்தில் எதுவும் கலங்கியிருப்பதில்லை. கூர்மை எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது, நமக்கு வேண்டிய இடத்தில் இல்லை. 35 மி.மீ. பிலிம் அளவு உணரியில் 50 மி.மீ. வில்லையை எஃப் 1.8-இல் (வில்லைத் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்து ஒரு மீட்டர் தொலைவில் முகத்தை எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே. குவியப் புள்ளியைக் கண்ணில் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்துவதற்குள் நாம் சற்று முன்னே சாய்ந்தால் காதோரம் கூர்மையாகிக் கண் போய்விடும். இதை நாம் பேச்சில் எப்படிச் சொல்வோம்? பிசகிவிட்டது என்போம். குவியப் பிசகு என்றே வைத்துக்கொண்டால் என்ன? சரியான இடத்தை விட்டு விலகியது என்ற பொருளும் அதில் இருக்கிறது.

இரண்டாவது, நான்காவது வகை ஒன்று விடுபட்டுள்ளது. பிசகுக்குப் பயந்து, கூர்மையின் ஆழத்தைக் கூட்டப் புதியவர்கள் துளையை எஃப் 22 வரை சுருக்குகிறார்கள். அங்கே விளிம்பு விளைவால் (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) ஓர் ஒளிப்புள்ளி உணரியில் ஏறக்குறைய 30 மைக்ரான் அகல வட்டாகப் பரவுகிறது. படத்துகள் (பிக்சல்) ஒன்றின் அகலம் 4 மைக்ரான் என்றால் ஏழெட்டுத் துகள்களை அது மூடிவிடும். எஃப் 8-இல் அதே வட்டு 11 மைக்ரானுக்குள் அடங்குகிறது. ஆடவும் இல்லை, அசையவும் இல்லை, பிசகவும் இல்லை. படம் முழுக்கச் சீராகக் கூர்மை மழுங்கியிருக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மூன்றாவது, அழகுக்காகவே பின்புலத்தைக் கரைய விடுகிறோமே, அதையும் கலங்கல் என்றால் குறைபோல் ஒலிக்கிறது.

•

மறுமொழிக்கு மறுமொழி:

அம்மையாருக்கு வணக்கம். குவியப் பிசகு என்னுடையதைவிட நல்ல சொல். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அதை எடுத்துக்கொண்ட பிறகு மற்ற இரண்டிலும் கலங்கல் எதற்கு என்று தோன்றிவிட்டது. ஆட்டம், அசைவு, பிசகு என்று தனித்து நின்றால் வினையாக்குவதும் எளிது: படம் ஆடியிருக்கிறது, குழந்தை அசைந்திருக்கிறது, குவியம் பிசகியிருக்கிறது. காரணம் தெரியாத நிலையில் பொதுவாகச் சொல்ல மட்டும் கலங்கல் இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

நான்காவதற்கு நீங்களே பெயர் வைத்துவிட்டீர்கள். கூர்மை மழுங்கியிருக்கிறது என்று எழுதினீர்கள். மழுங்கல் என்றே வைக்கலாம். வில்லையில் விரல்ரேகை படிந்து படமெங்கும் எண்ணெய் பூசியதுபோல் ஆவதையும் அதிலேயே அடக்கலாம், துணியால் துடைத்தால் போகிற மழுங்கல் என்று ஒரு குறிப்போடு. நீங்கள் சொன்ன வட்டுக்கு, 1835-இல் அதை விளக்கிய வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் பெயரால் ஏரி வட்டு என்று பெயர். ஏரியும் கலங்கலும் ஒரே கையேட்டில் வந்தால் நீர்ப்பாசனத் துறையினர் தேடி வந்துவிடுவார்கள் என்பதால் அதைக் கையேட்டில் சேர்க்கவில்லை.

மழுங்கல் என்றால் தீட்டலாம் என்று தோன்றும். மென்பொருளில் இருக்கும் கூர்மைப்படுத்தும் வசதிக்கு விளிம்பு தீட்டல் என்ற பெயர் அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. அது விளிம்பின் இருபுறமும் இருளையும் ஒளியையும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். மழுங்கியதை ஓரளவு தீட்டலாம். ஆடியதைத் தீட்டினால் ஆட்டம்தான் இன்னும் அழுத்தமாகத் தெரியும். ஊசிப் படத்தில் செய்து பார்த்தேன்: இரண்டு ஊசிகளும் கூர்மையாகிவிட்டன.

பின்புலத்துக்குக் குழைவு என்று எழுதிவைத்திருக்கிறேன். சோறு குழைந்ததுபோல் இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்கையும் நாளை கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.