புதுப்பிப்பு: ஆண்டிறுதி விருந்தில் மூத்தோரைச் சிறப்பித்தது

வான்கூவரில் எங்கள் ஜப்பானிய-கனடிய வணிகர் சங்கத்தின் ஆண்டிறுதி விருந்தான போனென்காயில், சமூகத்துக்கு உழைத்த மூத்தோரை எப்படிச் சிறப்பிப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பரிசாகக் கொடுக்கவிருந்த பெயர்ப் பலகைகளில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் எளிமையாக்கப்பட்ட எழுத்து வடிவில் ஒரு பாட்டியின் பெயரைப் பொறித்துவிட்டார்கள். அதற்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்ட அவர் குடும்பமோ பழைய வடிவையே எழுதிவருகிறது. மறுபடி பொறிக்க நான்கு நாள் ஆனது. ஆகவே, பெயரைக் குடும்பத்தாரிடம் கைப்பட எழுதி வாங்கிய பிறகே பொறிக்கக் கொடுங்கள்.

மேடைக்கு அழைக்காமல், அவரவர் இருக்கைக்கே சென்று இரு கைகளாலும் பரிசளிக்கலாம் என்ற யோசனையே மிகப் பொருத்தமாக அமைந்தது. அந்தப் போரின்போது, 1942இல், வான்கூவரில் ஜப்பானியர் வாழ்ந்த பவல் தெருவிலிருந்து கனடா அரசால் வெளியேற்றப்பட்டு, 1949 வரை கடற்கரைப் பகுதிக்குத் திரும்ப அனுமதிக்கப்படாத தலைமுறையைச் சேர்ந்த அந்தப் பாட்டி, தம் பெயரின் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.