புதுப்பிப்பு: பீர் குடித்துப் பிடிபட்ட என் அக்கா மகன்

நண்பன் வீட்டு விருந்தில் 17 வயது அக்கா மகன் பீர் குடித்துப் பிடிபட்டான், இந்தப் பதிவு ஆயுளுக்கும் நிற்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

நேற்று முடிவு தெரிந்தது. முதல் தவறு, வண்டியும் ஓட்டவில்லை. ஆலோசனை வகுப்பையும் சமூக சேவையையும் முடித்தால் வழக்கைக் கைவிடுவார்கள். அக்கா அழுதே விட்டாள்.

ஓட்டியிருந்தால் கதை வேறு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 16 வயதில் பீர் வாங்கலாம், அமெரிக்காவில் 21 ஆக வேண்டும். அங்கே வண்டி ஓட்டும் பெரியவர்களுக்கு இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு பெரும்பாலும் 0.08 சதவீதம். 21 வயதுக்குக் குறைந்தவர் 0.02-ஐ எட்டினாலே உரிமம் பறிபோகும்.

பீர் வாங்கிய பையன் காட்டியது போலி அடையாள அட்டை. குடித்ததைவிட அதுதான் பெரிய வழக்காகி நிற்கிறது, பாவம்.

எனக்குக் கோபமெல்லாம் தெரிந்தே இடம் கொடுத்த பெரியவர்கள் மீதுதான். இந்தியாவில் சிறாருக்கு மது கொடுத்தால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல். அந்த வீட்டுக்காரருக்கும் இப்போது சம்மன் போயிருக்கிறது.

முதல் வகுப்பு வரும் சனிக்கிழமை. நானே அவனைக் கூட்டிப் போகிறேன்.