பெரிய வீட்டுக் குழு: இக்காலுயிட் போய்ச் சேர்ந்தாயிற்று

பெரியம்மா: தம்பி, போய்ச் சேர்ந்துவிட்டாயா? சாப்பிட்டாயா?

நான்: இரண்டும் ஆயிற்று பெரியம்மா. இக்காலுயிட், கனடாவின் வடக்கிலுள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகர்; ஒட்டாவாவிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அக்கா: காரில் போக முடியாதா?

நான்: வெளியிலிருந்து வரும் சாலையே கிடையாது. குளிர்காலம் முழுக்க விமானம்தான். கோடையில் கடல் திறந்தால் கப்பல்.

அக்கா: இப்படி ஓர் ஒதுக்குப்புறத்தில் யார் தலைநகரை வைத்தது?

சித்தப்பா: அங்குள்ள மக்களேதான். 1995இல் வாக்கெடுப்பு நடந்தது. ராங்கின் இன்லெட் என்ற இன்னோர் ஊர் தோற்றது, இக்காலுயிட் வென்றது. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியானது.

அக்கா: ஏப்ரல் 1 தானா கிடைத்தது!

சித்தப்பா: சிரிக்காதே. ஊர் வளர்ந்ததே விமான ஓடுதளத்தால்தான். இரண்டாம் உலகப்போரில், 1942இல், ஐரோப்பாவுக்கு விமானங்களை அனுப்பும் வழியில் ஒரு தளம் வேண்டும் என்று அமெரிக்கர்கள் தேடினார்கள். இங்குள்ள சமவெளியைக் காட்டியவர் நாகாசுக் என்ற வழிகாட்டி; அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒருவர்.

நான்: அவர் பெயரில் இங்கே ஒரு பள்ளி இருக்கிறது சித்தப்பா. வெள்ளைக் கண்ணாடியிழைக் கட்டடம். ஜன்னலைத் தேட வேண்டியிருக்கிறது.

சித்தப்பா: 1987 வரை ஊருக்குப் பெயர் ஃப்ரோபிஷர் பே, அதாவது ஃப்ரோபிஷர் குடா. ஃப்ரோபிஷர் 1576இல் வந்த ஆங்கிலேய மாலுமி. அந்தக் குடாவைச் சீனாவுக்குப் போகும் நீரிணை என்று நம்பினார். பிறகு தங்கம் என்று நினைத்து ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். உருக்கிப் பார்த்தால் காலணாவுக்குப் பயனில்லை.

அக்கா: ஏமாந்தவர் பெயரையா இத்தனை காலம் வைத்திருந்தார்கள்!

நான்: அந்தக் குடா இப்போது உறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டிகள் பறக்கின்றன. ஆனால் கரையோரத்தில் நடப்பது பெரும்பாடு. ஓதத்தால் கடல்மட்டம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குவதால், பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. இரவு முழுக்க அது முனகுகிற சத்தம் கேட்கிறது.

பெரியம்மா: வீட்டில் தண்ணீர் வருகிறதா?

நான்: லாரியில் வருகிறது. அடிமண் என்றும் உறைந்தே இருப்பதால் பல வீடுகளுக்குக் குழாய் இல்லை. வீடுகளே இரும்புத் தூண்கள்மேல் நிற்கின்றன.

பெரியம்மா: அங்கேயும் தண்ணீர் லாரியா! நம் தெருவை விட்டு அவ்வளவு தூரம் எதற்குப் போனாய்?

சித்தப்பா: 2023இல் ஆழ்கடல் துறைமுகம் திறந்துவிட்டார்கள் அண்ணி. முன்பெல்லாம் கப்பல் நடுக்கடலில் நிற்கும், ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் படகில் சரக்கைக் கரை சேர்ப்பார்கள்.

பெரியம்மா: அந்தக் கப்பலில் புழுங்கல் அரிசி அனுப்பலாமா?

நான்: கோடை வரை காத்திருக்க வேண்டும் பெரியம்மா. அதுவரை மிளகாய்த்தூள் மட்டும் தபாலில் அனுப்புங்கள்.