குடும்ப வாட்ஸ்அப் குரூப்: அட்டாரி ஜாய்ஸ்டிக்கை மெகா டிரைவுக்கு மாத்துறது

கார்த்தி: சித்தப்பா, பழைய அட்டாரி சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக்கை செகா மெகா டிரைவ் கேம் கன்சோல்ல சொருகினா நாலு பக்கமும் நகருது, பட்டனும் கேக்குது. ஏ, சி, ஸ்டார்ட் பட்டன்தான் இல்ல. கூடுதலா மூணு பட்டன் வச்சு கிரவுண்டுக்கு இழுத்துட்டா போதுமா?

சேகர் சித்தப்பா: போதாதுப்பா. சாக்கெட் ஒண்ணா இருக்கே தவிர உள்ள விஷயம் வேற. அட்டாரில ஒரு ஸ்விட்சுக்கு ஒரு பின். அமுக்கினா அது 8ம் பின்னோட, அதாவது கிரவுண்டோட, சேரும். அவ்வளவுதான்.

சேகர் சித்தப்பா: மெகா டிரைவ்ல பட்டன் நாலு, அதுக்குன்னு இருக்கிற லைன் 6, 9 ரெண்டே ரெண்டு. அதனால கன்சோல் 7ம் பின்னை (செலக்ட்) ஹை, லோன்னு, அதாவது 5 வோல்ட், பூஜ்யம்னு, மாத்தி மாத்தி ரெண்டு தடவை கேக்கும். 7 ஹையா இருக்கிறப்ப 6ல பி, 9ல சி. லோ ஆனதும் அதே 6ல ஏ, 9ல ஸ்டார்ட்.

மீனா அக்கா: அதனால இப்ப உன் ஃபயர் பட்டனை அமுக்கினா ஏ, பி ரெண்டும் சேர்ந்து அமுங்கின மாதிரிதான் கன்சோலுக்குத் தெரியும். 9ம் பின்ல நேரா ஒரு பட்டன் போட்டா சியும் ஸ்டார்ட்டும் ஒட்டிக்கிட்டு வரும். குதிக்கிற ஒவ்வொரு தடவையும் கேம் பாஸ் (pause) ஆகி நிக்கும் 😄

கார்த்தி: அப்ப உள்ள ஐசி வேணுமா அக்கா?

மீனா அக்கா: ஒண்ணே ஒண்ணு. 74ஹெச்சி157. செலக்ட் ஹையா லோவான்னு பாத்து, ரெண்டு இன்புட்ல ஒண்ணை வெளிய அனுப்புற சிப். செகாவோட மூணு பட்டன் பேட்லயும் இதே வேலைதான் நடக்குது. மைக்ரோகண்ட்ரோலர் எல்லாம் இதுக்கு வேண்டாத செலவு.

மீனா அக்கா: கனெக்‌ஷன் இது. 'ஐசி' போட்டதெல்லாம் சிப்போட கால், 'பிளக்' போட்டதெல்லாம் ஒன்பது பின் சாக்கெட்.
ஐசி 16 → பிளக் 5 (5 வோல்ட்)
ஐசி 8, 15 → பிளக் 8 (கிரவுண்ட்)
ஐசி 1 → பிளக் 7 (செலக்ட்)
ஐசி 2 ஏ பட்டன், 3 பி பட்டன், 4 → பிளக் 6
ஐசி 5 ஸ்டார்ட், 6 சி பட்டன், 7 → பிளக் 9
ஐசி 11 கிரவுண்ட், 10 இடது, 9 → பிளக் 3
ஐசி 14 கிரவுண்ட், 13 வலது, 12 → பிளக் 4
மேல், கீழ் ரெண்டும் ஐசி பக்கமே போகாது. நேரா பிளக் 1, 2.

கார்த்தி: 11, 14 எதுக்கு சும்மா கிரவுண்டுக்குப் போகுது?

சேகர் சித்தப்பா: சும்மா இல்லப்பா. செலக்ட் லோ ஆகும்போது இடது, வலது ரெண்டும் ஒரே நேரத்துல அமுங்கின மாதிரி காட்டணும். உண்மையான ஜாய்ஸ்டிக்ல அது நடக்கவே நடக்காதே. அதை வச்சுத்தான் 'இது மெகா டிரைவ் பேட்'னு கேம் தெரிஞ்சுக்கும். சரிபார்க்காத கேம் இது இல்லாமலும் ஓடும், சரிபார்க்கிற கேம் ஓடாது.

மீனா அக்கா: ஐசியை ஒட்டியே 16க்கும் 8க்கும் நடுவுல 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒண்ணு. அப்புறம் எட்டு ஸ்விட்சுக்கும் 10கே புல்அப், அதாவது அமுக்காதப்ப லைனை ஹையா நிறுத்துற ரெசிஸ்டர், 5 வோல்ட்டுக்கு. தனித்தனி ரெசிஸ்டர் வேண்டாம், ஒன்பது கால் இருக்கிற ரெசிஸ்டர் நெட்வொர்க் ஒண்ணு வாங்கு. மேல 103ன்னு இருக்கும். புள்ளி போட்ட கால்தான் பொது, அது 5 வோல்ட்டுக்கு.

மீனா அக்கா: அதைத் திருப்பி மாட்டிடாதே. திருப்பினா 5 வோல்ட்டுக்குப் போற கால் ஒண்ணுதான், மத்த ஸ்விட்ச் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ரெசிஸ்டர் வழியா கோத்துக்கும். ஒரு பட்டனை அமுக்கினா கூடவே ரெண்டு மூணு அமுங்கும், அதுவும் ஒரு தடவை வர்றது மறு தடவை வராது. ஐசி போச்சுன்னு நினைச்சுத் தேடிக்கிட்டே இருப்ப.

கார்த்தி: புல்அப் இல்லாமலே விட்டா? இதே சிப்போட எல்எஸ் வகை, 74எல்எஸ்157, தானா ஹையா நிக்கும்ல?

மீனா அக்கா: எல்எஸ்னா நிக்கும். ஹெச்சில அந்தரத்துல தொங்குற இன்புட் எந்தப் பக்கமும் சாயும். வயர் பக்கம் கை போனாலே கேம்ல ஆள் தானா நடப்பான். எல்எஸ் போட்டாலும் தப்பில்ல, கரண்ட் கூடக் குடிக்கும். எதைப் போட்டாலும் புல்அப் போட்டுடு.

பிரபு மாமா: மாப்ள, அந்த கேபிளை முதல்ல பாத்தியா? சிஎக்ஸ்40 கேபிள்ல ஆறே வயர்தான். வெள்ளை மேல், நீலம் கீழ், பச்சை இடது, பிரவுன் வலது, ஆரஞ்சு ஃபயர், கறுப்பு கிரவுண்ட். 5, 7, 9க்கு வயரே கிடையாது. இந்த ஐசி கூத்து எல்லாம் அந்த கேபிள்ல நடக்காது.

கார்த்தி: அட ஆமா. அப்ப எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணை வெட்டிப் போட்டுக்கலாமா?

பிரபு மாமா: தாராளமா. ஆனா வாங்கின உடனே மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு ஒன்பதும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகுதான்னு பாத்துட்டு வெட்டு. மலிவு கேபிள்ல 5, 7, 9ல ஏதாவது ஒண்ணை விட்டிருப்பான். நிறத்தை நம்பாதே. நான் மேல சொன்ன நிறம் ஒரிஜினல் அட்டாரிக்கு மட்டும்தான்.

சேகர் சித்தப்பா: சீரியல் கேபிள் கிடக்குதேன்னு அதை எடுத்துடாதே. பின் ஒன்பதுதான், ஆனா ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கிற திருகு காது கன்சோல் குழியில முட்டும்.

கார்த்தி: தனி சாக்கெட் வாங்கி நானே சாலிடர் பண்ணினா?

சேகர் சித்தப்பா: பண்ணலாம். ஜாய்ஸ்டிக் பக்கம் வர்றது ஓட்டை இருக்கிற பெண் சாக்கெட். அஞ்சு ஓட்டை வரிசையை மேல வச்சு முகத்தைப் பாத்தா 1ம் பின் வலது மூலையில. திருப்பி சாலிடர் பக்கம் பாத்தா இடது மூலையில. இதுல குழம்பினா 1ம் 5ம் இடம் மாறும், 2ம் 4ம் மாறும், 6ம் 9ம் மாறும், 7ம் 8ம் மாறும். அதாவது கிரவுண்ட் போய் செலக்ட்ல உக்காரும். பிளாஸ்டிக்ல பொடியா நம்பர் அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சு அதைப் படிச்சுட்டே அயர்னை எடு.

லதா அத்தை: சாலிடர் புகை குழந்தைங்க படுக்கிற ரூம்ல வேண்டாம்டா கார்த்தி. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ, ஃபேனை வெளிப்பக்கமா திருப்பி வை. ஈயம் தொட்ட கையோட சாப்பாட்டுல கை வைக்காதே.

கார்த்தி: சரிங்க அத்தை 🙏

கார்த்தி: ஸ்டிக்கைப் பிரிச்சுட்டேன். வயர் எல்லாம் போர்டுல சின்னக் கிளிப்புல சொருகி இருக்கு. வலது பக்கம் அழுத்தி அமுக்கினாத்தான் கேக்குது.

சேகர் சித்தப்பா: கிளிப்பை மூக்கு பிளையர்ல நேரா இழு, வந்துடும். வலதுக்குக் காரணம் அந்த உலோகக் குமிழ். மேல ஒட்டியிருக்கிற டேப்பை மெதுவா தூக்கி, குமிழோட அடியையும் போர்டுல செம்பையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடை. செம்பு கறுத்திருந்தா பென்சில் அழிப்பான் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போயிடும், சீக்கிரமே திரும்ப கறுக்கும். குமிழ் டிக்குன்னு சத்தம் போடலைன்னா ஸ்பிரிங் செத்துப்போச்சு, மாத்திடு.

பிரபு மாமா: நடு வெள்ளைப் பிளாஸ்டிக்கையும் பாரு மாப்ள, விரிசல் விடுறது அங்கதான். குமிழை அமுக்குற விளிம்பு ஒடிஞ்சிருந்தா எவ்வளவு துடைச்சும் பிரயோஜனம் இல்ல.

மீனா அக்கா: துடைச்சதும் அமுக்கிப் பிடிச்சு ஓம்ஸ் பாரு. சில ஓம்ல நிக்கணும். 10கே புல்அப் இருக்கிறதால 1கே வந்தாக்கூட 0.45 வோல்ட்தான், ஐசி அதை லோன்னே எடுத்துக்கும். ஆனா நம்பர் ஆடிக்கிட்டே இருந்தா விடாதே.

கார்த்தி: ஃபயரை பியா வச்சுக்கிறேன். ஏ, சி, ஸ்டார்ட்டுக்கு 12 மில்லி ஓட்டை போட்டு புஷ் பட்டன்.

மீனா அக்கா: கை எடுத்தா திரும்பி வர்ற வகையா பாத்து வாங்கு, அமுக்கினா அப்படியே நிக்கிற வகை கூடாது. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி பட்டனோட வால் உள்ள எவ்வளவு இறங்குதுன்னு அளந்துக்கோ, போர்டு மேல முட்டினா மூடவே வராது.

கார்த்தி: எல்லாம் சாலிடர் ஆச்சு. நேரா கன்சோல்ல போடலாமா?

மீனா அக்கா: இரு இரு. முதல்ல பிளக் 5க்கும் 8க்கும் நடுவுல ஓம்ஸ் பாரு. பீப் அடிச்சா ஷார்ட், அதோட நிறுத்து. அடிக்கலைன்னா யுஎஸ்பி சார்ஜர்ல இருந்து 5 வோல்ட் எடுத்து 5ல பிளஸ், 8ல மைனஸ் கொடு. 7ஐ பிளஸ்ல தொடு. 3, 4, 6, 9 நாலுலயும் 5 வோல்ட் வரணும், பியை அமுக்கினா 6 மட்டும் பூஜ்யம். அடுத்து 7ஐ மைனஸ்ல தொடு. எதையும் அமுக்காமலே 3, 4 பூஜ்யம் ஆகணும், ஏ அமுக்கினா 6 பூஜ்யம், ஸ்டார்ட்னா 9.

கார்த்தி: 7 எங்க இருந்தாலும் நாலும் பூஜ்யம்.

மீனா அக்கா: 15ம் கால்.

மீனா அக்கா: அது ஹையா இருந்தா ஐசி எல்லா அவுட்புட்டையும் லோவாக்கிடும். சாலிடர் ஒட்டாம இருக்கும், இல்ல பக்கத்து 16ம் காலோட பாலம் போட்டிருக்கும்.

கார்த்தி: பாலமேதான் அக்கா. உறிஞ்சி எடுத்துட்டேன். இப்ப நீங்க சொன்ன மாதிரியே வருது 👍

பிரபு மாமா: இதையே காமடோர் 64 (பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்)ல போட்டா?

மீனா அக்கா: மாமா வேண்டாம்!! அங்க 5 வோல்ட் 7ம் பின்ல, 5ம் பின் பேடில் (குமிழ் திருகுற கண்ட்ரோலர்) லைன். ஐசிக்கு சப்ளை காலே இல்லாம செலக்ட் வழியா திருட்டுத்தனமா கரண்ட் ஏறும். அதைவிட மோசம், காமடோர்ல ஜாய்ஸ்டிக் லைனும் கீபோர்டு லைனும் சிஐஏன்னு இன்புட், அவுட்புட்டைப் பாத்துக்கிற ஒரே சிப்புல. அது லோவுக்கு இழுக்கிறப்ப நம்ம 157 ஹைக்குத் தள்ளும். சாகிறது சிஐஏ.

பிரபு மாமா: அடாப்டர் போட்டா ஓடுமா மா?

மீனா அக்கா: ஓடும். காமடோரோட 7ஐ ஸ்டிக்கோட 5, 7 ரெண்டுக்கும் கொடுங்க. 8க்கு 8. காமடோரோட 5, 9ஐத் தொடாதீங்க. 1, 2, 3, 4, 6ல ஒவ்வொரு டயோடு, கோடு போட்ட முனை ஸ்டிக் பக்கம். அப்ப லோ மட்டும்தான் போகும், ஹை போகாது. 1என்4148 போட்டா 0.6, 0.7 வோல்ட் அதுலயே நிக்குது, லோவுக்கு எல்லை 0.8தான். அதனால பிஏடி85 மாதிரி, வோல்ட் கம்மியா பிடிச்சுக்கிற ஷாட்கி டயோடு போடுங்க.

பிரபு மாமா: என்கிட்ட இருக்கிற ஆட்டோஃபயர் ஸ்டிக் (தானா சுடுற வகை) செகாவோட பழைய கன்சோல் மாஸ்டர் சிஸ்டத்துல ஆட்டோ மட்டும் அடிக்க மாட்டேங்குது. அதுவும் இந்தக் கதைதானா மச்சான்?

சேகர் சித்தப்பா: அதேதான் மச்சான். அது கரண்டை 7ல தேடுது, செகா 5ல கொடுக்குது. பிளக்ல 7ம் வயரை வெட்டி 5க்கு மாத்துங்க. கேபிள்ல 9க்கு வயர் இருந்தா ரெண்டாவது பட்டனை அங்க கொடுத்துடலாம், அமுக்கினா கிரவுண்ட். மாஸ்டர் சிஸ்டத்துக்கு ஐசியே வேண்டாம். ஆனா மாத்தின பிறகு அந்த ஸ்டிக் காமடோர், அட்டாரி பக்கம் போகக்கூடாது. பிளக் மேலயே 'செகா'ன்னு மார்க்கர்ல எழுதிடுங்க.