போனைத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் வாய் திறக்காமல் நிக்கிறது ஏன்? கண்டதைச் சொல்லுங்கோ

காலிவீதிக்காரன்:

கொழும்பு வெள்ளவத்தையில ஒரு மருந்துக்கடை, பின்னேரச் சனம். கல்லாவில இருந்த பெடியன் போனைத் தூக்கிக் காதில வைச்சவர், வாய் திறக்கேல்ல. மற்றப் பக்கமும் திறக்கேல்ல எண்டது அவரின்ர கண்ணில தெரிஞ்சுது. சுவர் மணிக்கூட்டில பத்து விநாடி. பிறகு கட். திரும்ப அடிச்சுது, திரும்ப அதே கூத்து. மூண்டாந்தரம் ஒரு வயசான அம்மாவின்ர குரல், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிண்ட எல்லாருக்கும் கேக்க: "தம்பி, தமிழோ?" பெடியன் "ஓம் அம்மா" எண்ட உடன அங்க விட்ட பெருமூச்சும் கேட்டுது. அவவுக்கு வேண்டியிருந்தது ரெண்டு அட்டை பிரஷர் குளிசை.

இங்க இருக்கிற ஆருக்கும் இது புதினமில்லை. ஆனா அந்தப் பத்து விநாடியை ஒருக்கா பிரிச்சுப் பாருங்கோ. மொழி காட்டாத சொல் "ஹலோ" ஒண்டுதான். ரெண்டாவது சொல்லில ஆள் பிடிபட்டிடும். "ஓம்" எண்டா வடக்கு கிழக்கு. "ஆமா" எண்டா மலையகம், இல்லாட்டி கொட்டாஞ்சேனை. "ஒவ்" எண்டா சிங்களம். "யெஸ்" எண்டா ஒண்டும் பிடிபடாது, அதுக்காகத்தான் அதைச் சொல்லுறது. ஓமுக்கும் ஒவ்வுக்கும் நடுவில உதடு மூடுறதுதான் முக்கிய வித்தியாசம். சொல்லை விழுங்கி "ம்ம்" எண்டு விடப் பழகினவை கொழும்பில கனபேர். எடுத்தவர் அந்த ரெண்டாவது சொல்லை மற்றவர் சொல்லட்டும் எண்டு நிக்கிறார். அடிச்சவரும் அதுக்குத்தான் நிக்கிறார்.

கடைக்காரருக்கு ஒரே வழி: "ஹலோ" எண்டதோட நிக்காமல் கடைப் பேரைச் சொல்லுறது. பேரில முருகனோ லக்ஷ்மியோ இருந்தா அம்மாவுக்கு அதுவே போதும்.

ரிசெப்ஷன் மேசை:

கடைப் பேர் சொல்லச் சொன்னது சரி, ஆனா சொல்லுற ஒழுங்கு பிழைச்சால் அதுவும் கேக்காது. பிஏபிஎக்ஸ் எண்ட ஒஃபிஸுக்குள்ள இருக்கிற சின்ன எக்ஸ்சேஞ்சிலயும் இன்டர்நெட் வழியா வாற லைனிலயும் ரிசீவரைத் தூக்கினதும் குரல் பாதை திறக்க ஒரு கணம் பிந்தும். முதல் அசை வெட்டுப்படும். "முருகன் பார்மசி" எண்டு தொடங்கினா அங்க போறது "கன் பார்மசி". அதனாலதான் பழகின ரிசெப்ஷனிஸ்டுகள் முன்னால ஒரு "குட் மோர்னிங்" வைக்கிறது. மரியாதை பாதி, வெட்டுப்பட விடுற தலைப்பு பாதி. வணக்கம், இடத்தின்ர பேர், சொந்தப் பேர், பிறகு வாயை மூடிக் காத்திருக்கிறது. முழுக்க நாலு விநாடிக்கு மேல போகக் கூடாது. மூண்டாம் மணிக்குள்ள எடுக்க வேணும், ஆனா முதல் மணி முடிய முன்னம் எடுத்தா அடிச்சவர் திடுக்கிட்டுப் போவார். என்ன சொல்ல வந்தனான் எண்டே மறந்திடுவார்.

ஹொட்லைன் மெனு இன்னொரு தலையிடி. பெரும்பாலும் சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3. ரெண்டை அமத்தினா கனநேரம் பாட்டுக் கேக்க வேணும் எண்டு நினைச்சு, தமிழ் நல்லாத் தெரிஞ்சவையே மூண்டை அமத்தினம். பிறகு ஆங்கிலத்தில அடையாள அட்டை இலக்கம் சொல்லத் தடுமாறினம். 1919 அரச தகவல் நிலையம் மும்மொழியிலயும் நடக்குது. அங்க தமிழ் கேக்கக் கூச்சப்பட ஒண்டுமில்லை.

பழைய லைன்மன்:

மேல ரெண்டு பேரும் மொழியையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். மௌனத்துக்குப் பாதிக் காரணம் கம்பி.

வெளிநாட்டுக் கோலை எடுத்துக்கொள்ளுங்கோ. முந்தி அது பாதுக்கையில இருக்கிற தரை நிலையத்தால செய்மதிக்குப் போய் வரும். செய்மதி நிக்கிறது ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில. குரல் ஏறி இறங்கக் கால் விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு கால். அந்த அரை விநாடியில அம்மா "ஹலோ" எண்டுவா, பதில் இல்லை எண்டு திரும்ப "ஹலோ" எண்டுவா. அதே நேரம் லண்டனில இருந்து மகன்ர முதல் ஹலோ வந்து மோதும். ரெண்டு பேரும் நிப்பாட்டுவினம், ரெண்டு பேரும் ஒண்டாத் தொடங்குவினம். கோல் முடிய "அவன் என்னோட மனம் விட்டுக் கதைக்கேல்ல" எண்டு கவலை. கவலைக்குக் காரணம் மகனில்லை, தூரம். இப்ப கடலடிக் கேபிள் வந்து தாமதம் குறைஞ்சு போச்சு, ஆனா வயசு போனவை இன்னும் ரெண்டு ஹலோவும் சத்தமும் விடேல்லை.

அடுத்தது, தெரியாத நம்பரை ஏன் எடுக்கிறீங்கள் எண்டு பிள்ளையள் தாய் தகப்பனைப் பேசுறது. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. மலிவான கோலிங் கார்ட்டில ரொறன்ரோவில இருந்து அடிச்சால், சில கள்ளப் பாதையில வாற கோல் இங்க ஒரு சிம் பெட்டிக்குள்ளால, அதாவது கன சிம் போட்ட ஒரு மெஷினுக்குள்ளால, வெளிய வரும். திரையில விழுறது ஆரோ ஒருத்தரின்ர உள்ளூர் மொபைல் நம்பர். ஒவ்வொருக்காலும் வேற நம்பர். அப்ப மகளின்ர கோலைத் தவற விடாமல் இருக்க எல்லாத்தையும் எடுக்கத்தான் வேணும். வருசக்கணக்கா அப்பிடிப் பழகின கையை வட்ஸ்அப் வந்த உடன நிப்பாட்டச் சொன்னா நிக்குமோ?

மிஸ்ட் கோல் கணக்குப் பிழைக்கிறதும் இதே சாதிதான். "ஒருக்கா மணி அடிச்சா கீழ இறங்கி வா, ரெண்டு தரம் அடிச்சா கேட்டைத் திற" எண்டு ஃபிளாட் வீடுகளில ஒப்பந்தம் இருக்கும். அடிக்கிறவருக்குக் கேக்கிற மணியை எக்ஸ்சேஞ் தனியா உண்டாக்கிக் குடுக்குது. வீட்டில அடிக்கிற மணியோட அது ஒத்துப்போக வேணும் எண்டில்லை. அங்க ரெண்டு கேக்க இங்க ஒண்டு அடிச்சிருக்கலாம். மொபைலுக்கு எண்டா ஆளைத் தேடிப் பிடிக்கவே சில விநாடி போகும். ஸ்கூல் வான்காரர் ரெண்டு தரம் அடிச்சுக் கத்துறதில அவரின்ர பிழை ஒண்டுமில்லை.

டயல் போனுக்குச் சின்னப் பூட்டுப் போட்ட வீடுகள் ஞாபகம் இருக்கோ? பூட்டுப் போட்டாலும் ரிசீவர் வைக்கிற ஹூக்கை விரலால தட்டினா டயலுக்குப் போற அதே துடிப்புத்தான் போகும். மூண்டுக்கு மூண்டு தட்டு, பூச்சியத்துக்குப் பத்து. செக்கனுக்குப் பத்துத் துடிப்பு எண்ட வேகத்துக்குக் கிட்டத் தட்ட வேணும், பிந்தினா வேற வீட்டுக்குப் போகும். அப்ப வந்த றோங் நம்பரில ஒரு பங்கு இந்தப் பெடியளின்ர வேலை.

மாளிகாவத்தை:

லைன்மன் நானாவுக்கு ஒரு சலாம். எங்க பக்கம் ஹலோ பிரச்சினை இன்னும் கொஞ்சம் சிக்கல். சேவ் பண்ணின நம்பர் எண்டா முதல் சொல் "அஸ்ஸலாமு அலைக்கும்". சேவ் பண்ணாத நம்பர் எண்டா "ஹலோ", அங்கால சலாம் வந்தா உடனே பதில் சலாம். நடுவில மாட்டுறது டெலிவரிக்காரர். ஹலோ சொல்லி, சலாம் எதிர்பார்த்து, பிறகு சிங்களத்தில "கொஹெத இன்னே?" (எங்க இருக்கிறீங்க?) எண்டு கேப்பார். ஒரு கோலுக்குள்ள மூணு மொழி. பிக்மி எண்ட டெக்ஸி ஆப் டிரைவர் அடிச்சா வாசல் நம்பர் சொல்லிப் பிரயோசனமில்லை. பள்ளிவாசல், பேக்கரி, சந்தி எண்டு ரெண்டு அடையாளம் சொன்னா பதினஞ்சு விநாடியில முடியும். அதை முதல்லயே மெசேஜில போட்டு வெச்சா கோலே வராது.

கொட்டாஞ்சேனை அக்கா:

ரிசெப்ஷன் மேசை சொன்னதை வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகள் யாரும் கேட்டுடாதீங்க. ஒஃபிஸ்ல பேர் சொல்றது சரி. வீட்டுல, சொந்த மொபைல்ல, தெரியாத நம்பருக்குப் பேர் சொல்றது பெரிய பிழை.

போனுக்குக் காசு போடுற ரீலோட் கடைகள்ல ஒரு சிஆர் கொப்பி தொங்கும், பார்த்திருப்பீங்க. நம்பரும் தொகையும் எழுதுற கொப்பி. போன வாரம் ஆமர் வீதிப் பக்கம் ஒரு கடையில, ஸ்கூல் உடுப்போட ஒரு பிள்ளை எழுதிட்டுத் திரும்பினா, பின்னால நின்ன பையன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, தன்னோட போனையும் எடுத்தான். கடைக்காரர் பார்த்துக்கிட்டே நின்னாரு. அந்தப் பிள்ளைக்கு ராத்திரி வரப்போற கோல் எப்படித் தொடங்கும்னு எல்லாருக்கும் தெரியும். "யார் பேசுறது?" "உங்களுக்கு யார் வேணும்?" "நீங்க யாருன்னு சொல்லுங்களேன்." இந்தப் பந்து விளையாட்டுல முதல்ல பேர் சொன்னவங்க தோத்தாங்க.

அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், கேக்காட்டியும். "யார் வேணும்?"னு கேக்காதீங்க, அதுக்கு ஏதாவது ஒரு பேர் சொல்லிப் பேச்சை இழுப்பான். "எந்த நம்பருக்கு அடிச்சீங்க?"னு கேளுங்க. அவனே நம்பரைச் சொல்லணும், நீங்க உங்க நம்பரைத் திருத்திச் சொல்லக் கூடாது. பிழைன்னா "றோங் நம்பர்"னு ஒரு தடவை, வைச்சிடுங்க. ரெண்டாந்தரம் எடுத்துத் திட்டாதீங்க. திட்டுனா ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும். ரீலோட் கொப்பியில எழுதாம, கார்ட் கிடைச்சா வாங்கிச் சுரண்டுங்க, இல்லாட்டி ஆப்ல போடுங்க.

ஒரே ஒரு மணி அடிச்சு நின்ன வெளிநாட்டு நம்பருக்குத் திரும்ப அடிக்காதீங்க. கூடக் கட்டணம் வாற நம்பரா இருக்கும், நீங்க லைன்ல நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்குக் காசு. பரிசு விழுந்திருக்குன்னு சொல்லி மெசேஜ்ல வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டா, அது உங்க வட்ஸ்அப் கணக்கோட சாவி, அம்மா கேட்டாலும் சொல்லாதீங்க. "லைன் செக் பண்றோம், *21* அடிச்சு இந்த நம்பரைப் போட்டு ஹேஷ் அடிங்க"ன்னா, உங்களுக்கு வாற கோல் எல்லாம் அவன்கிட்டப் போயிடும். *#21# அடிச்சா ஃபோர்வர்ட் இருக்கான்னு காட்டும். ##002# அடிச்சா எல்லா ஃபோர்வர்டும் போயிடும்.

தெரியாத நம்பரை அமைதியாக்குற வசதி 2023ல வட்ஸ்அப்லயும் வந்துடுச்சு. செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுக்குள்ள கோல்ஸ். அதை ஓன் பண்ணினாலும் சாதாரண கோல் அடிக்கும், ரெண்டும் வேற வேற. ஆனா வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா போன்ல இருக்குற அமைதியாக்குற வசதியை ஓஃப் பண்ணி வைங்க. வார்டுல இருந்து வாறது, கொழும்புன்னா 011ல தொடங்குற லேண்ட்லைன், சேவ் ஆகாத நம்பர். அதுக்குத் திரும்ப அடிச்சா ஒபரேட்டர்தான் எடுப்பார். அதால எடுத்தவுடனே வார்ட் நம்பரையும் எக்ஸ்டென்ஷனையும் கேட்டு எழுதிக்கோங்க, மீதிச் செய்தியைப் பிறகு கேளுங்க.

ரிசெப்ஷன் மேசை:

அக்கா, வீட்டில பேர் சொல்லச் சொல்லி நான் எங்கேயும் எழுதேல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:

எழுதல்லதான். வாசிக்கிற பிள்ளை அப்படி எடுத்துக்கும்.

சாமம் ரெண்டு மணி:

ஒருத்தரும் ராத்திரி மணியைத் தொடேல்லை. பகல் ஹலோவில மொழி எண்டால் ராத்திரி ஹலோவில சாவு.

நேர வித்தியாசம் மனப்பாடமா இருக்க வேணும். கொழும்பில விடியப்புறம் ரெண்டு எண்டா கோடை காலத்தில முதல் நாள் லண்டனில இரவு ஒன்பதரை, ரொறன்ரோவில பின்னேரம் நாலரை. மாரியில வித்தியாசம் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும். அங்க இருக்கிறவருக்கு அது வேலை முடிஞ்சு சும்மா அடிக்கிற நேரம், இங்க நெஞ்சு நிக்கிற நேரம். இதுக்குள்ள 1996 மே மாதம் கரண்டை மிச்சம் பிடிக்க எண்டு இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சினம், அதே வருசம் ஒக்டோபரில அரை மணித்தியாலம் திரும்பக் குறைச்சினம், 2006 ஏப்ரலில பழைய இடத்துக்கே கொண்டு வந்தினம். வன்னியில புலிகள் இயக்கத்தின்ர பகுதி மணிக்கூடு மாறவேயில்லை. கொழும்புக்கு ஒரு நேரம், கிளிநொச்சிக்கு ஒரு நேரம். வெளிநாட்டில இருந்தவை பத்து வருசம் கணக்குப் பிழைச்சு அடிச்சவை.

அதால ஒரு வழக்கம். ராத்திரியில அடிக்கிறவர் ஹலோவுக்கு முன்னாலயே "ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" எண்டு சொல்லிப் போடுவார். அந்த "ஒண்டுமில்லை" வராட்டி எடுத்தவர் கதிரையைத் தேடுவார். சாவு எண்டால் நேரே சொல்லுறதும் இல்லை. "கொஞ்சம் கடுமையாத்தான் கிடக்கு, பக்கத்தில ஆர் நிக்கினம்?" எண்டு கேப்பினம். பக்கத்தில நிக்கிற ஆளிட்டப் போனைக் குடுக்கச் சொன்னா முடிஞ்சுது. போன் கை மாறுற அந்தக் கணத்திலதான் செய்தி போய்ச் சேருது, வாயால பிறகுதான். செய்தி சொல்லுறவைக்கு ஒண்டு: தனிய இருக்கிற வயசானவருக்கு நேரே அடிக்காதேங்கோ. முதல் பக்கத்து வீட்டுக்கு அடிச்சு, ஆள் போய்க் கதவைத் தட்டின பிறகு அடியுங்கோ.

இன்னொண்டு. ஆளைக் கேட்டு வாற கோலுக்கு, சாவைச் சொல்லுற மாதிரி "அவர் இல்லை" எண்டு சொல்லுறதும் எங்கட வீடுகளில இல்லை. "வெளிய போட்டார், வந்திடுவார்". சாமம் எண்டாலும் அதுதான்.

காலிவீதிக்காரன்:

லைன்மன் அண்ணை, மொழியும் கம்பியும் ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் பத்து விநாடி எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனா மருந்துக்கடை லைன் வெறும் 011, செய்மதி ஒண்டும் இல்லை.

போனை வைக்கிறதைப் பற்றி ஆரும் எழுதேல்லை. அந்த அம்மா குளிசை சொல்லி முடிச்சாப் பிறகு, "சரி தம்பி, அப்ப வைக்கட்டே?" "ஓம் அம்மா, வையுங்கோ." "சரி அப்ப." "ஓம்." "வைக்கிறன் என்ன." இப்பிடி மூண்டு சுத்து. வரிசையில ஏழு பேர் நிண்டவை. பெடியன் வைக்கேல்ல, அவ வைக்கும் வரைக்கும் காதிலயே வைச்சுக்கொண்டு மற்றக் கையால மிச்சக் காசு குடுத்தவர்.

பழைய லைன்மன்:

அவர் செய்தது சரி. பழைய எக்ஸ்சேஞ்சில எடுத்தவர் முதல் வைச்சாலும் லைன் உடன விடுபடாது, அடிச்சவர் வைச்சால்தான் விடும்.