ஒரே வீட்டில் வெவ்வேறு பதில்கள்: சமயத்தை எப்படிப் பதிவது?

உப்புவெளி மாணவி:
பட்டப்படிப்பு ஆய்வுக்காக உப்புவெளியில் வீடு வீடாகச் சென்று வினாக்கொத்து நிரப்பி வருகிறேன். நேற்று ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் எல்லோரையும் இந்து என்றே பதியச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள், ஞாயிறுதோறும் சபைக்குப் போய்வரும் மூத்த மகள், “என்னைக் கிறிஸ்தவம் என்று போடுங்கோ” என்றார். தாயாரோ வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கும் போகிறவர். படிவத்தில் சமயத்துக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. தாயாரை எங்கே சேர்ப்பது?

கடற்கரை வீதி:
சேர்க்கும் பொறுப்பு உங்களுடையதன்று, தாயாருடையது. தம்மை எச்சமயத்தவர் என்று சொல்கிறாரோ அதுவே அவருடைய சமய அடையாளம். எங்கே போகிறார் என்பது வழிபாட்டு நடைமுறை. எதை நம்புகிறார் என்பது இன்னொன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ள்ஸ் குளொக் 1960களிலேயே நம்பிக்கை, சடங்கு, அனுபவம், அறிவு, வாழ்வில் காணும் விளைவு எனச் சமயப்பற்றை ஐந்தாகப் பிரித்தார். இவற்றை ஒரே கட்டத்தில் அடைத்தால், பிறகு எந்தக் கணினி நிரலாலும் பிரித்தெடுக்க முடியாது. மகளின் விடயம் அதைவிட எளிது: வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேளுங்கள், தகப்பனார் வாயால் வேண்டாம்.

பழைய கணிப்பாளன்:
கேள்வியின் வாசகத்தையும் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 குடிசன மதிப்பீடு “உங்கள் சமயம் என்ன?” என்று கேட்டபோது, சமயமில்லை என்றவர்கள் ஏறத்தாழ 25 சதவீதத்தினர். அதே காலத்தில் பிரித்தானிய சமூக மனப்பாங்கு ஆய்வு, “எந்தச் சமயத்தையாவது சார்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?” என்று கேட்க, ஏறக்குறைய பாதிப்பேர் இல்லை என்றார்கள். முதற்கேள்வி எல்லோருக்கும் ஒரு சமயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த வீட்டின் சமயத்தைச் சொல்லிவிட்டுப் போவது அதில் சுலபம்.

கிண்ணியாவாசி:
இனத்தைக் கொண்டு சமயத்தை ஊகித்து நிரப்பிவிடாதீர்கள். களத்தில் அவசரத்தில் நடக்கிற காரியம் இது. நம் குடிசன மதிப்பீட்டில் இனமும் சமயமும் தனித்தனிக் கேள்விகள். நான் வீட்டில் பேசுவது தமிழ், இனம் இலங்கைச் சோனகர், சமயம் இஸ்லாம். 2012இல் சோனகர் 9.3 சதவீதம், இஸ்லாமியர் 9.7 சதவீதம், சோனகரல்லாத இஸ்லாமியரான மலாயர் போன்றோரும் இருப்பதால் இரண்டும் ஒன்றாவதில்லை. தமிழரென்றால் இந்து அல்லது கிறிஸ்தவர் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை திருகோணமலைக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரைக்குப் போய், அந்தப் பௌத்த வழிபாட்டிடத்துக்குக் கொடை அளித்ததைச் சொல்லும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்.

உப்புவெளி மாணவி:
நன்றி. கட்டத்துக்குக் கீழே “கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த வழிபாட்டிடங்களுக்குப் போனீர்கள்?” என்ற வரியைச் சேர்த்து, சனிக்கிழமை அதே வீட்டுக்குத் திரும்பவும் போகிறேன். தகப்பனார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும்.